ஐக்கிய சபைக்கு ஒரு வரி

செகந்திராபாத் பக்கத்து அல்வாலில் குடியிருந்துகொண்டு ஜீப்பைக் கண்டு நடுங்குகிறவளை என்னவென்று சொல்வது? பட்டாளம் நிறைந்த ஊர். பால்காரர் வருவதற்கு முன்பே இங்கே ஜீப் வந்துவிடும். ஆனாலும் எழுபத்தாறாம் வருஷத்து மழைக்காலத்தில், எங்கள் தெருவில் ஒரு ஜீப் வேகத்தைக் குறைத்தாலே போதும், என் கையில் இருப்பது தரைக்குப் போய்விடும். இரண்டு பீங்கான் கோப்பைகளும் ஊறுகாய் ஜாடியும் அப்படித்தான் போயின. ஜாடி என் கல்யாணச் சீர். அதற்காக இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தால் பயம், தந்திக்காரன் வந்தால் பயம், ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதெல்லாம் சில்லறைப் பயம். அந்த வருஷம் வந்தது வேறு. அது வயிற்றுக்குள் குடிவந்துவிட்டது. நான் சாப்பிட உட்கார்ந்தால் அதுவும் கூட உட்கார்ந்தது.

நெருக்கடி நிலை அறிவித்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் சிலாஸ் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் இரும்பு கடைகிற டர்னராக இருந்தார். அங்கே யூனியனில் இருந்த வாசுவை ஒரு சாயங்காலம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்மா" என்று அவர் மனைவியிடம் மரியாதையாகத்தான் சொன்னார்களாம். அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது, அவர் வரவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து அந்தப் பெண் உப்பலில் அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்தாள். நாங்கள் இருந்ததும் அதே வரிசைக் குவார்ட்டர்ஸ்தான்.

தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள் என்று சிலாஸ் வாய் திறந்ததே இல்லை. வெளியே சொல்லமாட்டேன் என்று சேரும்போதே எழுதிக் கொடுத்திருந்தார். பெண்டாட்டியும் வெளியில் சேர்த்திதான் போலிருக்கிறது. எங்கள் மகள் ஜூடித்தைப் பள்ளிக்கூடத்தில் "உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டுவிட்டார்கள். அவள் வந்து கேட்டபோது சிலாஸ் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சாமான் செய்யுதாங்கன்னு சொல்லு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சாமான். "சாமான் வேலை ஜாஸ்தி", "சாமான் பார்க்க டெல்லியிலிருந்து ஆள் வருது". அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

இனி, அந்தக் காகிதத்துக்கு வருகிறேன்.

செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைவி பியூலா டீச்சர். தைரியசாலி. ஐயரோடு கூட வாதம் பண்ணுவார். எங்கள் பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அந்த ஜூன் மாதம் பெங்களூரில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்த டீச்சர், சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ஜெனிவாவுல உள்ள ஒரு பெண்கள் அமைப்பு அனுப்பியிருக்கு. ஐக்கிய நாடுகள் சபையில அரசாங்கங்கதான் உட்காருது, நம்மள மாதிரி ஜனங்களுக்கு அங்க நாற்காலி கிடையாது. ஜனங்களுக்கும் அதுக்குப் பக்கத்துலயே ஒரு சபை வேணும்னு கேக்குறாங்க. நீங்க அங்க உட்கார்ந்தா என்ன சொல்லுவீங்க? ஆளுக்கு ஒரு வரி எழுதி, பேரும் விலாசமும் போடுங்க" என்றார்.

மின்விசிறி சத்தம், பின்வரிசையில் வடை சாப்பிடும் சத்தம். பாதிப் பேருக்குக் காதில் விழுந்தது 'ஐக்கிய', 'சபை' என்ற இரண்டே சொல்தான். எங்களுக்கு அவை வேதபுஸ்தகம் மாதிரி பழகிய சொற்கள். ஐக்கியம் என்றால் எங்கள் சங்கம். சபை என்றால் எங்கள் கோயில்.

"எந்த ஐக்கியம் டீச்சர்? மெதடிஸ்ட்காரங்களோட சேரப் போறாங்களே, அதுவா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார்.

"உலக ஐக்கியம்மா" என்றார் டீச்சர்.

"ஹவ், ஹவ். அப்போ அது பெரிய சபை" என்று இந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டுப் பெரியம்மா பேனாவை வாங்கிக்கொண்டார்.

பிறகு கேட்க வேண்டுமா? கோயில் குழாயில் காலையில் தண்ணீர் வருவதில்லை என்று ஒருவர் எழுதினார். வெயில் ஏறுவதற்குள் ஆராதனை முடிய வேண்டும் என்றார் ஒருவர். ஐயர் பிரசங்கத்தைச் சுருக்க வேண்டும் என்று எழுதிய புண்ணியவதி, பெயரும் போட்டு விலாசமும் தெளிவாகப் போட்டிருந்தார்.

நான் மட்டும் நன்றாகக் கேட்டிருந்தேன். எனக்கு அது எந்தச் சபை என்று தெரியும். காகிதம் என் முன்னால் வந்தபோது கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் யாரும் என்னிடம் 'நீ என்ன சொல்கிறாய்' என்று கேட்டதில்லை. மாப்பிள்ளை பார்த்தபோது கேட்கவில்லை. ஊர் மாறியபோது கேட்கவில்லை. உலகத்தைப் பற்றிக் கேட்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பங்களாதேஷ் சண்டையின்போது பேப்பரில் வந்த ஒரு படம் ஞாபகத்துக்கு வந்தது. இடிந்த சுவருக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை, ஒரு காலில் மட்டும் செருப்பு. ஜூடித் வயதுதான் இருக்கும். எழுதிவிட்டேன்.

'என் வீட்டுக்காரர் செய்கிற சாமான் எந்த ஊர்ப் பிள்ளை தலையிலும் விழக் கூடாது. ஜெயசுந்தரி சிலாஸ், அல்வால்.'

வீடு திரும்பும் பஸ்ஸில்தான் பயம் வந்தது. என் பயம் எப்போதும் ஒரு பஸ் பின்னால்தான் வரும். திங்கட்கிழமை டீச்சரிடம் ஓடினேன். "அன்னிக்கே போஸ்ட் பண்ணியாச்சே சுந்தரி, ஏன்?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போலீஸ்காரர்கள் தபாலைப் பிரித்துப் பார்க்கிற காலம் அது. ஜெனிவா விலாசம் போட்ட கனத்த உறையை விடுவார்களா? ஆகஸ்டில் பியூலா டீச்சரை ஒரு ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அடுத்த ஞாயிறு அவர் கோயிலுக்கு வந்தபோது பாட்டுப் புஸ்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் வாசலில் பிடித்துக் கேட்டேன். என் கையை உதறினார்.

"நான் எழுதிக் கொடுத்துட்டேன் சுந்தரி. ஒண்ணும் புரியாம, நம்ம சபைக் காரியம்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டோம்னு. எல்லாரும் அப்படியே சொல்லிடுங்க. வம்பு நக்கோ, வேண்டாம்."

ஐயரோடு வாதம் பண்ணுகிற டீச்சர்! அவரே இப்படி என்றால் நான் எந்த மூலைக்கு?

அன்று சாயங்காலம் சிலாஸிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார், கை அப்படியே நின்றுவிட்டது.

"சாமான்னு எழுதுனியா?"

"ஆமாங்க."

"என் பேரும் போட்டுருக்கியா?"

"என் பேரு பக்கத்துல உங்க பேரு தானாவே வந்துருதுங்க. நான் என்ன செய்ய?"

அவர் கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "ஏட்டி, வேலை போனாக்கூடத் தாங்கிக்கலாம். வாசு மாதிரி கொண்டு போயிட்டாங்கன்னா நீயும் பிள்ளையும் எங்கட்டி போவீங்க?" என்றார். எங்களுக்கு உப்பலில் அண்ணனும் கிடையாது.

அதற்குப் பிறகுதான் ஜீப்பும் கோப்பைகளும். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு அது சுலபம், உண்மையும் கூட. குழாயில் தண்ணீர் கேட்டவளை யார் தேசத்துரோகி என்பார்கள்? என் வரியை மட்டும் எந்தக் கோயில் கணக்கிலும் சேர்க்க முடியாது. சமைக்கும்போதெல்லாம் அந்த வரியை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அது முன்பைவிட மோசமாகக் கேட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். சிலாஸுக்கு அன்று காலை ஷிப்ட், அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த ஜூடித் உள்ளே ஓடிவந்தாள். எங்களிடமே தெலுங்கில்தான் பேசுவாள். "மம்மி, எவரோ ஒச்சாரு. ஜீப்லோ."

யாரோ வந்திருக்கிறார்கள், ஜீப்பில்! இந்தத் தடவை கையில் ஒன்றும் இல்லை. அதனால் நானே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தேன். சிலாஸ்தான் என்னைத் தூக்கி நிறுத்தினார்.

வந்தவர் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, வங்கி குமாஸ்தா மாதிரி இருந்தார். அதுவே பயமாக இருந்தது. மீசை வைத்த ஆளுக்குத்தான் நான் தயாராக இருந்தேன்.

"மிஸஸ் சிலாஸ்தானே? என் பேர் சக்ரபாணி. காகிதம் பூரா தமிழ்ல இருந்ததால என்னை அனுப்பியிருக்காங்க. எங்க ஆபீஸ்ல தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து அந்தக் கட்டை எடுத்தார். எங்கள் கையெழுத்துகள்! ஜெனிவாவுக்குப் போகாமல் அல்வாலுக்கே திரும்பி வந்திருந்தன.

"'ஐயர் பிரசங்கத்தைச் சுருக்க வேண்டும்.' யாரும்மா இந்த ஐயர்?"

"எங்க பாதிரியார் சார். நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

"அப்படியா? என்னையும் ஊர்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்று லேசாகச் சிரித்தார். சிரிக்கிற அதிகாரி எப்போது நிறுத்துவார் என்று தெரியாது. நான் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

பிறகு நிறுத்தினார். என் வரியை வாசித்தார். என் எழுத்து அந்நியன் வாயிலிருந்து வந்தபோது, பின்னால் நின்ற சிலாஸ் மூச்சை இழுப்பது எனக்குக் கேட்டது.

"சாமான்னா என்னம்மா?"

"தெரியாது சார்."

"தெரியாம எப்படி எழுதினீங்க?"

"தெரியாததாலதான் எழுதினேன் சார். தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன். அவங்க என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. சத்தியமா சொன்னதில்ல." கையைக் கூப்பினேன். "அவங்களை ஒண்ணும் செஞ்சிராதீங்க."

அவர் சிலாஸைப் பார்த்தார். சிலாஸ் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"சாமான்னா பாத்திரம்னும் ஒரு அர்த்தம் இருக்கு" என்றார் சக்ரபாணி, பேனா மூடியைத் திருகிக்கொண்டே. "பாத்திர சாமான்னு சொல்றோம் இல்லையா? நான் இங்கிலீஷ்ல அப்படியே போட்டுடறேன். என் மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நீங்க, எல்லாரும் குடுத்த மாதிரி ஒரு ஸ்டேட்மென்ட்ல கையெழுத்துப் போட்டுட்டா நான் கிளம்பிடுவேன்."

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. சிலாஸ், "போட்டுரு சுந்தரி, போட்டுரு" என்றார். அவர் குரலில் பல வாரங்களுக்குப் பிறகு உயிர் வந்திருந்தது.

ஸ்டேட்மென்ட் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக டைப் அடித்திருந்தது. பேனாவை வாங்கிக்கொண்டேன். வேதபாடம் வாசிக்கத்தான் எனக்குப் பயம், வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. வாசித்தேன். 'மேற்படி காகிதத்தின் பொருள் எனக்குப் புரியாமல், அது எங்கள் சபைக் காரியம் என்று தவறாக எண்ணிக் கையொப்பமிட்டேன்' என்று முதல் வரி. கடைசி வரி, 'மேலே கண்டதைப் படித்துப் பார்த்து, நன்கு புரிந்துகொண்டு கையொப்பமிடுகிறேன்.'

என்ன வந்தது எனக்கு என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்கு மேலே கோபம் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஜெனிவாக்காரர்கள் கேட்டால் எனக்குப் புரியாது, இந்த ஆபீஸ்காரர்கள் கேட்டால் நன்கு புரியும்! ஒரே தாளில் ஒரே பொம்பளை!

"சார், ரெண்டுல ஒண்ணை அடிச்சிரணும்."

"எந்த ரெண்டு?"

"மேல புரியலேன்னு இருக்கு, கீழ புரிஞ்சுதுன்னு இருக்கு."

"அது வழக்கமா போடறதும்மா. எல்லாருக்கும் அப்படித்தான். யாரும் கேட்டதில்ல."

"சுந்தரி!" என்றார் சிலாஸ்.

நான் 'புரியாமல்' என்ற சொல்லை அடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை, 'எங்கள் சபைக் காரியம் என்று தவறாக எண்ணி' என்பதையும் அடித்தேன். என் கண்ணீர் விழுந்து மை பரவியது. மீதி இருந்தது, 'மேற்படி காகிதத்தின் பொருள் எனக்கு' என்று தொடங்கி, 'கையொப்பமிட்டேன்' என்று முடியும் ஒரு மொட்டை வாக்கியம். அதன் கீழே பெயரைப் போட்டேன்.

சக்ரபாணி அந்தத் தாளை வெகு நேரம் பார்த்தார். "நீங்க இப்ப என்ன செஞ்சிருக்கீங்கன்னு புரியுதாம்மா?"

"புரியுது சார்" என்றேன். பல் கிட்டித்து, சொல் துண்டு துண்டாக வந்தது.

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். கோபப்படவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. போகும்போது ஜூடித்தின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். நான் வாசலுக்கு ஓடிப் போய்ப் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பையில் சிலாஸின் இரண்டு சட்டை, சவரக் கத்தி, சின்ன வேதாகமம் எல்லாம் கட்டி வைத்திருந்தேன். கூப்பிட்டால் வெறுங்கையோடு போகக் கூடாதே என்று. சிலாஸ் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். உப்பு வேண்டுமென்றாலும் ஜூடித்தைக் கூப்பிட்டுத் தெலுங்கில் கேட்டார். கோயிலில் பெண்கள் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள், மரியாதைக்கு இல்லை. பியூலா டீச்சர் மட்டும் ஒரு நாள் பக்கத்தில் வந்து, "நீ அந்த வரியை அடிச்சிட்டியாமே" என்றார். பாட்டு முடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஆர்டர் வந்தது. ஜீப்பில் இல்லை, சாதாரணமாக மேஸ்திரி கையில் வந்தது. சிலாஸை டர்னர் வேலையிலிருந்து எடுத்து, தொழிற்சாலை கேன்டீன் ஸ்டோருக்கு மாற்றியிருந்தார்கள். அண்டா, தட்டு, கரண்டி எல்லாம் அவர் பொறுப்பு. பாத்திரம் என்று சக்ரபாணி எழுதிய ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருவர் பாத்திரக்காரனைப் பாத்திரத்தோடு சேர்த்துவிட்டாரா, இல்லை சக்ரபாணியே செய்த உபகாரமா, எனக்குக் கடைசிவரை தெரியாது. சிரிக்கலாமா என்று பார்த்தேன். சிலாஸின் கையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. முடியிழை அளவு பிசகாமல் இரும்பைக் கடைகிற கை. அதில் இப்போது சாம்பார் வாடை.

குவார்ட்டர்ஸ் மிஞ்சியது. ஆள் மிஞ்சினார். கட்டி வைத்த பையை மட்டும் நான் இன்னும் பிரிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம் அவருக்குக் காபி கொண்டுபோய் வைத்தேன். டம்ளரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பில் இருந்த வளையத்தைப் பெருவிரலால் தடவினார். எனக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. இனி என்ன போகப் போகிறது?

"அங்க நீங்க என்னதாங்க செஞ்சீங்க?"

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பதில் சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"மரை" என்றார். "இம்புட்டுப் பெரிய வளையம் வரும். அதுக்கு உள்பக்கம் திருகுற மாதிரி மரை போடணும். கல்யாணத்துக்கு முன்னாலருந்து அதைத்தான் போட்டேன்."

"அது எதுல போய் மாட்டும்?"

"தெரியாது. அடுத்த ஷெட்டுக்குள்ள எங்களை விடமாட்டாங்க." டம்ளர் விளிம்பை மறுபடி தடவினார். "நீ எழுதுனியே, விழக் கூடாதுன்னு. அதைப் படிச்சுக் கேட்ட பொறவுதான் எனக்கும், அடடா, விழுறதாத்தான் இருக்கும்னு உறைச்சுது. எங்க போகுது, யார் மேல விழுதுன்னு எங்களுக்கு யாரும் சொன்னதில்ல."

வெளியே ஒரு ஜீப் வந்து எங்கள் வீட்டுப் பக்கம் வேகத்தைக் குறைத்தது. இருவரும் அப்படியே நின்றோம். அவர் கை டம்ளரை இறுக்கிப் பிடித்திருந்தது, நான் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். அது முனையில் திரும்பி, சத்தம் தேய்ந்து மறைந்தது.

"உன்கிட்டயாவது ஒரு பேப்பரைக் குடுத்து, நீ என்ன சொல்லுதேன்னு கேட்டாங்களேட்டி" என்றார் சிலாஸ். "எங்களை யாரும் கேக்கல."